ரிசப்ஷன் அக்கா

நான் போலீஸில் ஜீப் ஓட்டியவன். போலீஸ் என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஒரே ஆள் மாதிரித் தெரியும். உள்ளே வந்து பார்த்தால் அது ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிற லைன் வீடுகள் மாதிரி. சுவர் பொதுவாக இருக்கும், அடுப்பு தனித்தனியாக இருக்கும்.

மேலே கமிஷனர். அவருக்குக் கீழே டெபுடி கமிஷனர்கள், அதற்குக் கீழே உதவி கமிஷனர்கள், அதற்கும் கீழே ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர்கள். எங்கள் ஸ்டேஷன் கோயமுத்தூரின் கிழக்கு ஓரத்தில் இருந்தது. வலது பக்க அறையில் சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர், இடது பக்க அறையில் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர். அடிதடி என்றால் வலது பக்கம் போக வேண்டும், திருட்டு என்றால் இடது பக்கம். அடித்துப்போட்டுச் செயினையும் அறுத்துக்கொண்டு போயிருந்தால், இரண்டு அறைக்கும் நடுவில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். வண்டி மோதிய கேஸ் போக்குவரத்துப் புலனாய்வுக்கு, அது வேறு கட்டடம். புருஷன் பெண்டாட்டி தகராறு மகளிர் ஸ்டேஷனுக்கு, அது வேறு தெரு. போனில் ஏமாந்தவர்கள் சைபர் கிரைமுக்குப் போக வேண்டும், அது ஊருக்கு அந்தப் பக்கம். நான் இதில் எதிலும் சேர்த்தி இல்லை. ஆயுதப்படையில் மோட்டார் பிரிவு. ஸ்டேஷனுக்கு ஜீப் இரவல், ஜீப்போடு நானும் இரவல்.

இப்படிப் பிரித்து வைத்ததைத் தப்பென்று சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய ஊரை ஒரே ஆள் பார்க்க முடியாது. ஆனால் கஷ்டத்தோடு வருகிற ஜனங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வாசலில் தொங்குகிற போர்டு மட்டும்தான். அந்த வாசலில், படியேறியதும் முதலில் இருக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தவரைத்தான் நாங்கள் எல்லோரும் ரிசப்ஷன் அக்கா என்று கூப்பிட்டோம்.

ஸ்பெஷல் எஸ்.ஐ. அவர். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, வருஷம் ஓடி ஓடி வந்த பதவி. உயரமான உடம்பு. குதிகாலில் வலி உண்டு. அதனால் மேசைக்கு அடியில் டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்துச் செருப்பு ஒரு ஜோடி கிடக்கும். அதிகாரிகள் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் கால் தானாக ஷூவுக்குள் போய்விடும். அன்னூர்ப் பக்கத்துப் பேச்சு. பிக்பாக்கெட்காரனைக்கூட "ஏனுங்க, சித்த எந்திரிச்சு அந்தப் பக்கம் உக்காருங்க" என்றுதான் சொல்வார். அவனும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து உட்காருவான்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாருக்கும் வழி சொல்லி அனுப்ப மாட்டார். "அது இங்கெ இல்லீங்க, மகளிர் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லுங்க" என்று முடித்துவிட வேண்டிய இடத்தில், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "சேரிங்க, வாங்க. நானும் கூட வாரேன்."

ஒரு நாள் காலையில் பூ விற்கிற அம்மா ஒருத்தர் கையைத் துணியால் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். பைக்காரன் ஒருவன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். அது போக்குவரத்துப் புலனாய்வுக் கேஸ். அக்கா அந்த அம்மாவோடு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். திருநெல்வேலிக்காரர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும் அவருக்கு.

"எங்கம்மா போனீங்க?"

"பக்கத்துலதானுங்கய்யா."

அக்காவுக்கு எல்லாமே பக்கத்தில்தான். சிங்காநல்லூரும் பக்கத்தில்தான், உக்கடமும் பக்கத்தில்தான்.

"ரிசப்ஷன்னா உக்காந்திருக்கணும்லா. வாரவங்களுக்கு எங்க போகணும்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"சொன்னனுங்கய்யா. அந்தம்மா கையக் காட்டிக் காட்டி அழுதுட்டே இருந்துதுங்க, நாஞ் சொன்னது காதுலயே உழுகல. அதுவுமில்லாம, யூனிபாரம் போட்ட ஆளு ஒண்ணு கூடப் போனா அங்கெ உக்கார வெச்சுப் பேசுவாங்கய்யா. தனியாப் போனா ஓரமா நிக்கோணும்."

இன்ஸ்பெக்டர் உள்ளே போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அது எனக்கும் அக்காவுக்கும் பிறகு ஒரு நாள் புரிந்தது. அக்கா யாரோடோ போயிருந்த நேரத்தில் இளவயதுப் பெண் ஒருத்தி ஸ்டேஷன் படியேறி வந்திருக்கிறாள். காலி நாற்காலியைப் பார்த்திருக்கிறாள். உள்ளே இருந்த ஆண்களைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் வந்தபோது அவள் கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. "நேத்தே வந்தனுங்க, ஆருமில்ல" என்றாள். அக்கா அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அத்தோடு வெளியே போவதை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. எதிரில் இருந்த பேக்கரிக்காரரிடம் போய், "நான் இல்லாதப்போ பொம்பளைங்க ஆராச்சும் படியேறுனா, இங்கெ கூப்புட்டு உக்கார வெச்சு டீ குடுத்துருங்க, நான் வந்தர்றேன்" என்று ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த பேக்கரியின் ஓரத்து பெஞ்ச் எங்கள் ஸ்டேஷனின் இன்னொரு அறை மாதிரி ஆகிவிட்டது.

மகளிர் ஸ்டேஷனுக்கு அக்காவோடு என் ஜீப்பில் கிளம்பிய ஒரு பெண் பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். கேஸ் வேண்டாம், புருஷனை உள்ளே தள்ளினால் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அழுதாள். என் முடிவாக இருந்தால் ஸ்டேஷனுக்கே ஜீப்பைத் திருப்பியிருப்பேன். அக்கா, "சேரி, அப்ப ஊட்டுக்குப் போலாம், நானும் வாரேன்" என்றார். அவள் வீட்டுக்கே போய், புருஷனுக்கு எதிரில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து டீ கேட்டு வாங்கிக் குடித்தார். அவனைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மறுநாள் டூட்டிக்கு வருகிற வழியில் திரும்பவும் போனார். அதற்கு மறுநாளும் போனார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு வாரம் போனதும் அந்த ஆள், "மேடம், நான் ஒண்ணும் பண்ணலீங்களே, அப்பறம் எதுக்குங்க தினமும் வர்றீங்க?" என்று கேட்டான்.

"வந்து பழகிப்போச்சுங்க" என்றார் அக்கா.

அவன் குடியை விட்டானா என்று தெரியாது. கை நீட்டுவதை விட்டுவிட்டான் என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள்.

ஏன் இப்படி எல்லோர் பின்னாலும் போகிறீர்கள் என்று ஜீப்பில் ஒரு முறை கேட்டேன். "எனக்கு வாயில வழி சொல்லத் தெரியாதுங்க டிரைவர் தம்பி. நடந்தாத்தான் எந்தத் திருப்பம்னு ஞாவகமே வருது" என்று சிரித்தார்.

அவரைக் கடைசியில் கண்ட்ரோல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். எதனால் என்பதைப் பின்னால் சொல்கிறேன். கண்ட்ரோல் ரூம் என்பது நூறுக்குக் கூப்பிட்டால் போனை எடுக்கிற இடம். காதில் ஹெட்போன், முன்னால் மைக். யாருக்கு என்ன ஆபத்து என்று கேட்டு, பக்கத்தில் எந்த ரோந்து வண்டி இருக்கிறதோ அதை அனுப்ப வேண்டும். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாத வேலை. இது தெரிந்து போட்டார்களா, தெரியாமல் போட்டார்களா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். குதிகாலுக்கு நல்லதுதானே என்று அக்கா சொல்லிவிட்டார்.

மைக்கில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டி எண், இடம், விஷயம், முடிந்தது. அக்காவின் குரல் வந்தால் அந்த முறை எல்லாம் ஆடிப்போய்விடும். "அந்தப் பாப்பா பேரு சொல்ல மாட்டீங்குதுங்க. பஸ் ஸ்டாப்ல தனியா நிக்குதாம். மேல லைட்டப் போட்டுட்டே போங்க, நீங்க வர்றது தூரத்துல இருந்தே தெரியட்டும். போயி ஏத்திட்டு வந்து எறக்கி உட்டுப்போட்டுக் கெளம்பீராதீங்க. ஊட்டுக்காரங்க கதவத் தொறக்கற வரைக்கும் நில்லுங்க." நகரம் முழுக்க எல்லா வண்டியிலும் இது கேட்கும். அதிகாரிகளில் சிலர் மைக்கில் ஊர்க்கதை பேசுகிறார் என்று முணுமுணுத்தார்கள். டிரைவர்களுக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. சிக்னலில் நிற்கும்போது அது வந்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வேன். அங்கிருந்தே ஓய்வு பெற்று, பல்லடம் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார்.

இனி அந்த மாற்றலுக்குக் காரணமான நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பையனும் பெண்ணும் கழுத்து மாலையைக்கூடக் கழற்றாமல் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். பையன் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். பெண் பவானிப் பக்கம், அப்பா மஞ்சள் விவசாயி. சாதி வேறு வேறு. அன்றைக்கு விடிகாலையில்தான் கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள். பையன் தங்கியிருந்த ரூம் எங்கள் எல்லைக்குள் இருந்ததால் எங்களிடம் பாதுகாப்புக் கேட்டு வந்தார்கள். அதற்குள் அந்தப் பெண்ணின் ஊர் ஸ்டேஷனில் பெண்ணைக் காணவில்லை என்று அப்பா புகார் கொடுத்துவிட்டார்.

இதற்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் இன்ஸ்பெக்டர் முறைப்படிதான் செய்தார். அந்த ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னார். அவர்கள் வந்து அழைத்துப் போய்க் கோர்ட்டில் ஆஜர்படுத்துவார்கள். பெண் மேஜர். யாரோடு போக விருப்பமோ அதை அங்கே சொல்லலாம். மத்தியானத்துக்குள் அந்த ஸ்டேஷன் எஸ்.ஐ. ஒருவர் ஜீப்பில் வந்துவிட்டார். பொறுமையான ஆள். ஆனால் அவரோடு பெண் போலீஸ் யாரும் இல்லை. அங்கே கோயில் திருவிழா, எல்லோரும் பந்தோபஸ்தில். நெடுஞ்சாலையில் நகர எல்லை முடிகிற இடத்துக்கு ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன் என்றார். அதுவரை துணைக்கு எங்கள் அக்காவை அனுப்பினார் இன்ஸ்பெக்டர். "எல்லை வரைக்கும்தாம்மா. ஒப்படைச்சிட்டு வந்திரணும்" என்று என்னையும் பார்த்துச் சொன்னார்.

அவர்கள் ஜீப் முன்னால், எங்கள் ஜீப் பின்னால். எங்கள் ஜீப்பில் அந்த இரண்டு பேரும் அக்காவும். நீலாம்பூர் தாண்டி எல்லையில் நிறுத்தினோம். வருவதாகச் சொன்ன பெண் போலீஸ் வரவில்லை. பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார், பெருந்துறையில் ஏறிக்கொள்வார் என்றார் எஸ்.ஐ. சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு பேக்கரி முன்னால் இரண்டு கார்கள் நின்றிருந்தன. அதைப் பார்த்ததும் அந்தப் பெண் அக்காவின் கையைப் பிடித்தாள். "எங்க சித்தப்பா காருங்கக்கா."

அக்கா எஸ்.ஐ.யைக் கூப்பிட்டார். "பெருந்துறை வரைக்கும் நானே வந்தர்றனுங்க."

"உங்களுக்குப் பர்மிஷன் இருக்குங்களா?"

"கேட்டுக்கறனுங்க. நீங்க வண்டிய எடுங்க."

இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "இல்லீங்கய்யா... சேரிங்கய்யா... அந்தப் புள்ள கைய உட மாட்டீங்குதுங்கய்யா" என்று மட்டும் காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டு, "போலாமுங்க தம்பி" என்றார். நானும் எடுத்துவிட்டேன்.

இரண்டு கார்களும் பின்னாலேயே வந்தன. விஜயமங்கலம் தாண்டியதும் ஒன்று எங்களை முந்திப் போய், முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் போனது. எஸ்.ஐ. சைரன் போட்டார். கார் ஒதுங்கியது. அந்தப் பையன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். பெண் அழவில்லை. வெளியே பார்க்காமல் அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெருந்துறையில் பெண் போலீஸ் ஏறினார். அக்கா இறங்கவில்லை. "ரெண்டு பேரா இருந்தா இன்னுங் கொஞ்சந் தெம்பா இருக்குமில்லீங்க" என்றார். அங்கேயே ஒரு கடையில் இட்லி வாங்கி வந்து அந்தப் பெண்ணுக்கு ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தார்.

பவானி கோர்ட்டில் அந்தப் பெண் தெளிவாகச் சொன்னாள். புருஷனோடு போகிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதோடு முடிந்தது. ஈரோட்டு ஜங்ஷன் வரைக்கும் கொண்டு போய் ரயிலேற்றிவிடும்படி எஸ்.ஐ.யிடமும் அந்தப் பெண் போலீஸிடமும் அக்கா சொல்லி, போகிறபோது தன் நம்பரை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவர்கள் ஜீப் கிளம்பியது. சித்தப்பா கோர்ட் வாசலில் நின்று போலீஸைக் கேவலமாகப் பேசினார். பிறகு கூட வந்தவர்களை ஒரு ஓரமாகக் கூட்டிப் போய்க் குரலைத் தணித்துப் பேச ஆரம்பித்தார். அவர் கத்தியபோது வராத பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

பெண்ணின் அப்பா அந்தக் கூட்டத்தில் இல்லை. வேப்பமரத்தடியில் சிமெண்டுப் பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். "தம்பி, வண்டியத் திருப்பி வெய்யுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா அவரிடம் போய் உட்கார்ந்தார். வண்டியைத் திருப்பியபோது அவர்கள் பக்கத்தில்தான் நிறுத்த இடம் கிடைத்தது.

பெண்ணின் அப்பாதான் முதலில் பேசினார். "என்ற புள்ளையக் கூட்டிட்டு வந்தது நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. வழி நெடுக என்ற கையப் புடிச்சுட்டே வந்துச்சுங்க. பயம்."

"எதுக்குங்க பயம்?"

"உங்களப் பாத்துத்தானுங்க" என்றார் அக்கா.

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"ஊட்டுல ஆருங்க இருக்கறாங்க?" என்று அவர் துண்டை இறக்கியதும் அக்கா கேட்டார்.

"அவங்கம்மா மட்டுந்தானுங்க."

"அவங்களுக்கு நீங்க தனியாப் போயிச் சொல்ல வேண்டாமுங்க. வாங்க, நானும் வாரேன்."

அந்த மனுஷர் எப்படி ஒத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தம்பியின் காரில் ஏறாமல் போலீஸ் ஜீப்பில் ஏறினார். மஞ்சள் காட்டு வழியாக ஊருக்குள் போனோம். எங்கள் எல்லை எங்கேயோ பின்னால் கிடந்தது. வீட்டு கேட் முன்னால் ஜீப் நின்றதும் அந்த அம்மா வெளியே ஓடி வந்தார். போலீஸ் வண்டி, அதிலிருந்து புருஷன் மட்டும் இறங்குகிறார். அந்த முகத்தைப் பார்த்தபோது அவர் என்ன நினைத்துவிட்டார் என்று எனக்கே புரிந்தது. அக்கா ஜீப்பிலிருந்து கால் கீழே வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். "உங்க புள்ள நல்லா இருக்குதுங்க. ஒண்ணுமில்லீங்க. நல்லா இருக்குது."

அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். பிறகு, "சாப்புட்டாளுங்களா?" என்று கேட்டார்.

"சாப்புட்டுதுங்க. இட்லி. எதுத்தாப்புல உக்காந்து சாப்பட வெச்சனுங்க."

அதற்குள் அந்த இரண்டு கார்களும் வந்து நின்றன. சித்தப்பா இறங்கினார். ரயில் எங்கே போகிறதென்று தெரிந்துவிட்டது, இப்போதே கிளம்பினால் பிடித்துவிடலாம் என்றார். எங்களைப் பார்த்தும் அதை மறைக்கவில்லை. நான் ஜீப்பை விட்டு இறங்கி நின்றேன். அக்கா அசையவில்லை. அந்த அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டுக்கு வெளியே போய், பின்னால் அதைச் சாத்திவிட்டு நின்றார். "ஆரும் எங்கயும் போக வேண்டாம். பெத்தவன் நானு. எல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்குப் போங்க."

"அண்ணா, நம்ம மானம்..."

"போடா ஊட்டுக்கு" என்றார். கார்கள் திரும்பிப் போகிறவரை அவர் அங்கேயே நின்றார். போனபிறகும் நின்றார்.

வேலையை விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போனதற்கு விளக்கம் கேட்டு அக்காவுக்கு மெமோ வந்தது. அடுத்த மாற்றல் வந்தபோது கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டார்கள். அந்தப் பெண் இப்போது திருப்பூரில் இருக்கிறாள், பனியன் கம்பெனியில் அலுவலக வேலை. முதல் குழந்தைக்கு அம்மா மட்டும் வந்தார். இரண்டாவதுக்கு அப்பாவும் வந்தார். இதெல்லாம் பின்னால் அக்கா போனில் சொல்லித் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு நாங்கள் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா முன் சீட்டில் ஷூவைக் கழற்றிவிட்டுக் குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. புருஷனின் போனிலிருந்து அந்தப் பெண்.

"ஏறிட்டயா கண்ணு? உக்கார எடங் கெடச்சுதா? சேரி. உங்கூட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டாள்.

"அம்மா நல்லா இருக்கறாங்க. நீ சாப்புட்டயான்னு கேட்டாங்க."

திரும்பவும் ஏதோ கேட்டாள்.

"அப்பா ஒண்ணுங் கேக்கலீங் கண்ணு. உன்ற பின்னால ஆரும் வரக் கூடாதுன்னு ஊட்டு கேட்டச் சாத்திட்டு முன்னால நின்னுட்டாரு. நாங்க வரும்போதும் நின்னுட்டுத்தான் இருந்தாரு."

காலையிலிருந்து அழாத பெண் அப்போது அழ ஆரம்பித்தாள். ஓடுகிற ஜீப்பின் சத்தத்தையும் மீறி அது எனக்குக் கேட்டது. அக்கா அழாதே என்று சொல்லவில்லை, பிறகு பேசுகிறேன் என்றும் சொல்லவில்லை. போனைக் காதோடு வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெருந்துறை வந்தது, போனது. விஜயமங்கலம் வந்தது, போனது. நடுவில் இன்னொரு அழைப்பு வருகிற சத்தம் போனில் கேட்டது, இன்ஸ்பெக்டராகத்தான் இருக்கும். அதையும் எடுக்கவில்லை. எப்போதாவது ஒரு தடவை, அந்தப் பக்கம் அழுகை ஓய்ந்து மூச்சு மட்டும் கேட்கும்போது, "ம்... இருக்கறேன் கண்ணு" என்றார்.

நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.